தும்பிக்கை லை

எங்கள் வீட்டுக்காரர் இறந்த மறுநாள் காலையில் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். பக்கத்துத் தெருப் பையன்கள் நாலைந்து பேர் காசு போட்டு அடித்தது. மகள் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு அவர் நின்ற படத்தில் வாளியை மட்டும் வெட்டிவிட்டு, பின்னால் ஒரு மலை, அருவி, இரண்டு புறா எல்லாம் சேர்த்திருந்தார்கள். மன்னார்குடியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வயல்தான், மலைக்கு எங்கே போவது? அது போகட்டும். மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'எங்களை விட்டு பிரிந்த' என்று தொடங்கி அவர் பெயர்.

'விட்டுப் பிரிந்த' என்று இருக்க வேண்டும். ப் இல்லை.

வீடு நிறைய ஆட்கள். இரண்டு பக்கமும் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கண் மட்டும் அந்த விட்டுப்போன ஒற்றிலேயே போய் நிற்கிறது. அழுகைக்கு நடுவே இது தெரிகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் நாற்பத்தைந்து வருஷப் பழக்கம், என்ன செய்ய.

அவர் கையால் எத்தனை கண்ணீர் அஞ்சலி கோத்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. சாவுக்கு அச்சடிக்க வருகிறவர்கள் பதற்றத்தில் பேரைத் தப்பாகச் சொல்வார்கள், வயதை மாற்றிச் சொல்வார்கள். இவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்வார். "கல்யாணப் பத்திரிகையில தப்பு வந்தா மேல சீட்டு ஒட்டிக்கலாம். செத்தவருக்கு இதுதான் கடைசி அச்சு" என்பார். அந்தப் பையன்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்போடு செய்தது.

அவர் ஒரு கம்பாசிட்டர். அச்சுக் கோப்பவர். இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் விளங்காது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பெயரை எழுதவில்லை என்று நினைக்க வேண்டாம். அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். இங்கே எழுதலாம்தான், ஏனோ கை வரவில்லை.

எங்கள் கல்யாணம் 1977 தை மாதம். 'நிகழும் மங்களகரமான நள வருஷம்' என்று தொடங்குகிற அந்தப் பத்திரிகையை மாப்பிள்ளையே அச்சுக் கோத்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள், அவர் ஐந்தாவது. அந்தக் குறை எங்கள் அம்மாவுக்கு உண்டு. அதைவிடப் பெரிய குறை, மாப்பிள்ளையின் நகங்கள். தாலி கட்டும்போது பார்த்தேன், பத்து நகத்தின் ஓரத்திலும் கறுப்புக் கோடு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சிகைக்காய் போட்டுத் தேய்த்து வந்திருக்கிறார், அப்படியும் போகவில்லை. நலங்கு வைத்த கையில் மஞ்சளும் மையும் சேர்ந்து ஒரு பச்சையாக இருந்தது.

என் பெயரில் ஒரு 'லை' வரும். அந்தக் காலத்து லை இப்போது நீங்கள் பார்ப்பது இல்லை. முன்னால் தனியாகக் கொம்பு போடாமல், ல தலைக்கு மேலே ஒரு வளைவு எழும்பி நிற்கும், தும்பிக்கையைத் தூக்கிய யானை மாதிரி. அவர் அதைத் தும்பிக்கை லை என்பார். பள்ளிக்கூடத்தில் நான் எழுதப் பழகியது அதுதான். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரில் நிற்பதும் அதுதான்.

கல்யாணம் ஆன புதிதில் அவரை நான் பார்த்ததே குறைவு. நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த தேர்தல் அந்த வருஷம். மார்ச்சில் பாராளுமன்றம், ஜூனில் சட்டசபை. ஊரில் இருந்த பிரஸ்ஸெல்லாம் இரவும் பகலும் ஓடின. நடுவில் பங்குனித் திருவிழா வேறு. ராஜகோபாலசுவாமி கோயிலுக்குப் பதினெட்டு நாள் உற்சவம், ஒவ்வொரு மண்டகப்படிக்காரருக்கும் தனித்தனி நோட்டீஸ். விடிகாலை இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டுவார், சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தபடி தூங்குவார், ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். என்னோடு பேசினாரா என்றால், 'சோறு இருக்கா', 'கதவைத் தாப்பாப் போட்டுக்க', இவ்வளவுதான். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிவைத்துவிட்டார்களே என்று நான் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அழுதது உண்டு.

சித்திரையில் ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பிரஸ்ஸுக்குப் போனேன். அப்போதுதான் அந்த வேலையைப் பார்த்தேன். சாய்வாக நிறுத்திய மரக் கேஸ்கள், ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு எழுத்து. ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் சேர்த்து வார்த்தவை, ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரம். இங்கிலீஷுக்கு அறை குறைவு. தமிழில் கு, கூ, சு, சூ எல்லாமே தனித்தனி அச்சு என்பதால் அறை பெருகிவிடும். இடது கையில் ஸ்டிக், எழுத்தை வரிசையாக அடுக்கிப் பிடிக்கிற தட்டு. வலது கை அறைகளுக்கு மேலே பறந்துகொண்டே இருக்கும். எழுத்தை அவர் பார்ப்பதில்லை. எழுதிக் கொடுத்த தாளைத்தான் பார்ப்பார். விரல் தானாகப் போய் எடுத்து வரும். அச்சில் எழுத்து இடவலம் மாறி இருக்கும், அதைத் தலைகீழாகக் கோத்துக்கொண்டு போவார்கள். அப்படியே படிக்கவும் செய்வார்கள். பிற்காலத்தில் பேப்பரை நான் என் பக்கம் பிடித்துப் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்தபடியே தலைகீழாகப் படித்து எனக்கு முன்னால் செய்தியைச் சொல்லிவிடுவார். எரிச்சலாக வரும்.

கோத்து, அடித்து முடித்த பிறகுதான் பாதி வேலையே. கோத்ததை எல்லாம் பிரித்து அந்தந்த எழுத்தை அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். போடாவிட்டால் மறுநாள் காலையில் அறையில் எழுத்து இருக்காது. நாள் முழுக்கக் கட்டிய வீட்டைச் சாயங்காலம் பிரித்து அடுக்குகிற வேலை. அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வியர்வை வழிந்து ஓடுகிறது. ஃபேன் போட மாட்டார்களா என்று கேட்டேன். ஃபேன் எதிரே மெஷின் பக்கம் சுற்றுகிறது, மை தடவும் ரோலருக்கு. வஜ்ஜிரமும் வெல்லப்பாகும் காய்ச்சி வார்த்த ரோலர் அது. சித்திரை வெயிலுக்கு இளகிவிடுமாம். எறும்பு வேறு மொய்க்கும். மனுஷனை விட ரோலருக்கு மரியாதை என்று சொன்னேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதல் முதலாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு புரூஃப், பிழை பார்ப்பதற்காக அடிக்கிற முதல் தாள், வீட்டுக்கு வர ஆரம்பித்தது. அவருக்குக் கண் சரியாக இருக்கும், எழுத்து தெரியும், ஆனால் ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் சந்தேகம். ன, ண சந்தேகம். "ரெண்டு சுழியா மூணு சுழியா?" இதுதான் எங்கள் தாம்பத்தியத்தில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம் என்று நினைக்கிறேன். பகலில் பிரஸ்ஸிலிருந்து எடுபிடிப் பையனை ஓடவிடுவார். "அக்கா, அரண்மனைக்கு மொதல்ல மூணு சுழியா ரெண்டு சுழியான்னு அண்ணன் கேக்கச் சொன்னாங்க." முதலில் மூன்று, அப்புறம் இரண்டு என்று சொல்லி அனுப்புவேன். போகிற வழியில் அவன் மாற்றிவிடுவானோ என்று பயந்து ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுப்பேன்.

ராத்திரியில் நான் வாய்விட்டுப் படிக்க, அவர் புரூஃபில் குறித்துக்கொள்வார். ஆறேழு மாதம் இப்படிப் போனது. ஒரு சம்பள நாளன்று தனியாக ஒரு கவரை என் கையில் கொடுத்தார். முதலாளியிடம் பேசி, பிழை பார்ப்பதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி வாங்கி வந்திருக்கிறார். "வேலை செஞ்சது நீ. எதுக்கு என் கணக்குல வரணும்?" சின்னத் தொகைதான். கவரின் மேல் என் பெயர் இருந்தது, கையால் எழுதாமல் பன்னிரண்டு பாயிண்ட் எழுத்தில் கோத்து ஒரே ஒரு பிரதி அடித்து ஒட்டியது. ஒரு கவருக்காக அச்சுக் கோத்து, மை தடவி, அழுத்தி எடுத்து, பிறகு பிரித்து அறையில் போட்டிருக்கிறார்.

1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. பெரியார் 1935லேயே 'குடி அரசு' பத்திரிகையில் கையாண்ட எழுத்துகள்தான். அவருடைய நூற்றாண்டையொட்டி எம்.ஜி.ஆர். அரசாங்கம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசைகள், ணை, லை, ளை, னை, மொத்தம் பதின்மூன்று எழுத்துகளின் உருவம் மாறியது. எனக்குக் கோபம். பழகிய எழுத்தை ஏன் மாற்ற வேண்டும்? அவருக்கு ஒரே சந்தோஷம். "அத்தனை அறை மிச்சம்! காலையும் கொம்பையும் எடுத்துப் பக்கத்துல வெச்சா முடிஞ்சுது" என்றார். உண்மைதான். புது உருவங்களுக்குப் புதிதாக அச்சு வார்க்கவே வேண்டியதில்லை, இருக்கிற துண்டுகளே போதும். கையால் கோக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"அப்ப என் பேரு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆணை அச்சுக்குத்தான். கையெழுத்துக்கு இல்ல. நீ போடுறபடியே போடு" என்றார்.

பழைய எழுத்துகளை எடைக்குப் போடுவதற்கு முன்னால், ஒவ்வொன்றிலும் ஒன்று எடுத்து, அவர் அப்பாவின் பொடி டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதலாளியைக் கேட்டுத்தான் எடுத்தாராம். அதையும் சொன்னார்.

தேன்நிலவு என்ற வார்த்தையே எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஊருக்குக் கூட்டிப்போனார். கும்பகோணம், மாயவரம் என்று பஸ் மாறி மாறித் தரங்கம்பாடி. எதற்கு என்று சொல்லவில்லை. கடல் பார்க்கத்தான் என்று நினைத்துப் புளிச்சோறும் கட்டிக்கொண்டேன். போய் இறங்கினால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறார். இங்கேதான் சீகன்பால்கு பாதிரியார் 1706இல் வந்து இறங்கினார், இங்கேதான் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்து 1715இல் முடித்தார்கள், ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்து ரொம்பப் பெரிசு, தாள் பத்தவில்லை, அதனால் பொறையாரில் சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். எல்லாம் பிரஸ்ஸில் ஒரு பெரியவர் சொல்லிக் கேட்டது. டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "நம்ம தஞ்சாவூர் ஜில்லாவுலதான் இதெல்லாம் நடந்துது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஐந்தாவது படித்த மனுஷன், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஈயம் காய்ச்சியவர்களைத் தன் பங்காளிகள் மாதிரிப் பேசுகிறார். நான் எப்போது கடலில் கால் நனைப்பது என்று காத்திருந்தேன். நனைத்தேன், சாயங்காலம், பத்து நிமிஷம்.

எல்லாம் இப்படி இனிமையாகவே போனதா என்றால் இல்லை. 1984 டிசம்பரை நான் மறக்கவில்லை. பாராளுமன்றமும் சட்டசபையும் சேர்ந்து தேர்தல், 24ஆம் தேதி வாக்குப்பதிவு. அதற்கு நாலு நாள் முன்னால் என் அப்பா காலமானார். இவர் வந்தார். எடுக்கும்வரை நின்றார், குழித் தர்ப்பணத்துக்குக்கூட நிற்காமல் கடைசி பஸ்ஸில் மன்னார்குடி திரும்பிவிட்டார். மர எழுத்தில் பெரிய போஸ்டர், விடிவதற்குள் ஒட்டியாக வேண்டுமாம். என் தம்பி சின்னப் பையன். ஆண்பிள்ளைத் துணை வேண்டிய நேரம். பத்தாம் நாள் காரியத்துக்கு வந்து நின்றவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மாதம் பேசவில்லை. புரூஃப் வந்தால் பேசாமலே பார்த்துக் குறித்து வைத்துவிடுவேன். அவரும் சமாதானம் சொல்ல வரவில்லை. மறு வருஷம் திதிக்கு மூன்று நாள் முன்னாலேயே எங்கள் ஊருக்குப் போய், கிணற்றடியைச் சுத்தம் செய்து, தென்னைக்குப் பாத்தி கட்டிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் அப்பா திதிக்கு முந்திய மூன்று நாள் அவர் பிரஸ்ஸுக்குப் போனதில்லை. அது சரிக்கட்டல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ராத்திரி அந்த ராத்திரிதான்.

இன்னொரு விஷயத்தில் அவர் மேல் எனக்குக் கோபமா பெருமையா என்று இன்றுவரை முடிவாகவில்லை. அரைப்பரீட்சைக் கேள்வித்தாள்கள் அந்தப் பிரஸ்ஸில்தான் அச்சாகும். கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஒருவரே கோப்பார், அவரே புரூஃப் பார்ப்பார். அது மட்டும் வீட்டுக்கு வராது. மகன் எட்டாவது படிக்கும்போது அவன் கணக்குக் கேள்வித்தாளும் அதில் ஒன்று. தினமும் ராத்திரி இவர் கண் முன்னால் பையன் புத்தகத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறான். எந்தப் பாடத்தைப் படிக்கட்டும் என்று அப்பாவையே கேட்கிறான். "எல்லாத்தையும் படி." பையன் முப்பத்திரண்டு வாங்கிக் கோட்டை விட்டான். நான் சண்டை போட்டேன். ஒரு குறிப்பு, ஜாடையாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன? "மத்தப் புள்ளைங்க அப்பா கம்பாசிட்டர் இல்லையே" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அந்தக் கேள்வித்தாளில் பிழை இருந்தது என்று மட்டும் அப்புறம் நான் கண்டுபிடித்தேன், 'முக்கோனம்'. மூன்று சுழி வர வேண்டிய இடம். சொல்லிக் காட்டினேன், கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. டிடிபி, ஆஃப்செட், கலர் படம் போட்ட பத்திரிகை. 1997இல் முதலாளி கடையை மூடினார். எழுத்துகளை எல்லாம் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டார். மூட்டை கட்டும்போது ஆவன்னாவும் கானாவும் கலந்து விழுந்ததை இவரால் நின்று பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். நாற்பத்தேழு வயது. இருபத்தைந்து வருஷம் நின்றே செய்த வேலையில் இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாக இருந்தது. மகள் காலேஜ் முதல் வருஷம்.

நாலு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் என் இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தேன். இதை அவர் பின்னால் எல்லாரிடமும் பெரிய தியாகம் மாதிரிச் சொல்வார். அப்படியெல்லாம் இல்லை. ஆள் வீட்டில் படுத்தே கிடந்தால் எனக்குத் தாங்காது, அவ்வளவுதான். அந்தக் காசில் முதலாளியிடமிருந்தே ஒரு பழைய ட்ரெடில் அச்சு மெஷினும் எட்டு கேஸ் எழுத்தும் வாங்கினார். முன்கூடத்தில் போட்டோம். தரையே அதிரும்.

ஆஃப்செட்காரர்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டாலும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. பில் புத்தகத்துக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் ஏறிக்கொண்டே போக வேண்டும். கிழிப்பதற்குப் புள்ளி புள்ளியாகத் துளை போட வேண்டும். அது இந்த மெஷினில்தான் தோதாக வரும். அதனால் புது பிரஸ்காரர்களே இவரிடம் தாளைக் கொடுத்து வாங்கிப் போனார்கள். அரிசி மண்டி, உரக்கடை, பாத்திரக்கடை. அதிலேயே இரண்டு பிள்ளைகளையும் கரை சேர்த்தார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஊரில் இருந்த பில் புத்தகம் எல்லாம் புது எண்ணோடு மறுபடி அடிக்க வேண்டி வந்தது. அறுபத்தேழு வயதில் அவருக்கு அப்படி ஒரு சீசன். வியாபாரிகள் எல்லாம் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு வருவார்கள். இவர் உள்ளூரச் சிரித்துக்கொண்டே ஆர்டர் எழுதிக்கொள்வார்.

மகள் கல்யாணம் 2004 வைகாசி. சம்பந்தி வீட்டில் கலர் பத்திரிகை அடித்தார்கள். நம் பக்கத்துக்கு நானே அடிக்கிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மகளுக்கு மனசில்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தாள். 'தாரண வருஷம்' என்று தொடங்கி எல்லாம் கோத்து முடித்து, புரூஃப் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வழக்கம்போலப் படித்துக்கொண்டு வந்தேன். பெண்ணின் பெற்றோர் என்று எங்கள் இரண்டு பேர் பெயர். அதில் என் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டேன். தும்பிக்கை லை. பொடி டப்பாவைத் திறந்து எடுத்திருக்கிறார். பத்திரிகை முழுக்க வேறு எந்த லைக்கும் இல்லை. மாலை, காலை எல்லாம் புது எழுத்து. என் பெயருக்கு மட்டும் அது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிழை ஒன்றும் இல்லை என்று புரூஃபின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்திரிகை போன வீடுகளில் எல்லாம் இளசுகள் கேட்டார்கள், 'ஆன்ட்டி பேர்ல பிரின்டிங் மிஸ்டேக்கா?' என்று. என் வயதுக்காரிகள் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் அதைப் பார்த்துவிட்டு என் கையைக் கிள்ளினாள்.

கஜா புயலைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2018 நவம்பர் 15 ராத்திரி ஆரம்பித்து 16 விடியும்வரை அடித்தது. காலையில் கதவைத் திறந்தால் தெருவே தெரியவில்லை, மரமும் கம்பியும். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தென்னந்தோப்பெல்லாம் படுத்துவிட்டது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினோரு நாள் ஆனது. வெளியூரிலிருந்து பையன்கள் லாரியில் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி கொண்டுவந்தார்கள். கொடுக்கிற இடத்தில் தள்ளுமுள்ளு. டோக்கன் அடித்துக் கொடுத்தால் வரிசையில் கொடுக்கலாம் என்று தேடுகிறார்கள். ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓடவில்லை, ஒரு கம்ப்யூட்டர் ஓடவில்லை. யாரோ எங்கள் வீட்டைக் காட்டிவிட்டிருக்கிறார்கள்.

மெஷினில் மோட்டார் பெல்ட் போட்டிருந்தோம். அதைக் கழற்றினால் காலாலேயே மிதிக்கலாம். அதற்குத்தான் ட்ரெடில் என்று பெயரே. ஆனால் அவர் காலால் மிதிக்க முடியாது. மகன் சென்னையில். நான் மிதிக்கிறேன் என்றேன். அரிக்கேன் விளக்கைக் கேஸ் மேல் வைத்துக்கொண்டு அவர் கோத்தார். பையன்கள் எழுதிக் கொடுத்த தாளில் 'நிவாரன' என்று இருந்தது. எழுத்தை எடுக்கப் போன கை நின்றது. திரும்பிப் பார்த்தார்.

"மூணு சுழி" என்றேன், கேட்பதற்கு முன்னாலேயே.

நான் மிதிக்க மிதிக்க, மேலே மைத்தட்டு சுற்ற, ரோலர் ஏறி இறங்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையால் தாளை வைத்து இடது கையால் எடுத்தார். ஒரு தப்படி மிதித்தால் விரல் நசுங்கும். அவர் கை வேகத்துக்கு என் காலும், என் கால் வேகத்துக்கு அவர் கையும் பழக முதல் ஐம்பது தாள் ஆனது. அதற்கப்புறம் பேச்சே இல்லை. அறுநூறு டோக்கன். பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், ஆறிப்போனது. முடித்தபோது மணி என்ன என்று தெரியவில்லை, எங்கள் வீட்டுக் கடிகாரம் புயலில் விழுந்து உடைந்திருந்தது. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையன்கள் கட்டாயப்படுத்தி ஒரு தார்ப்பாயைப் போட்டுவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி என் கால் இரண்டும் கல்லாகிவிட்டது. அவர் எண்ணெய் காய்ச்சிக்கொண்டுவந்து தடவினார். நாற்பது வருஷம் நான் அவர் காலுக்குத் தடவிய அதே எண்ணெய். "இதுக்குப் பேருதான் மிஷின்மேன் வேலை" என்றார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். பில்லெல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதால் வேலை குறைந்தது. ஒரு மத்தியானம் பேப்பர் படித்தபடியே நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

மெஷினை இன்னும் கொடுக்கவில்லை. மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று. இந்தக் கட்டுரையை மகள் வாங்கிக் கொடுத்த போனில் கட்டை விரலால் அடிக்கிறேன். கோப்பதுதான் இதுவும், அறைகள் மட்டும் கண்ணாடிக்கு உள்ளே. ஆனால் என் பெயரை நான் எழுதுகிறபடி இதில் அடிக்க வழியில்லை. எத்தனை தடவை அழுத்தினாலும் கொம்பு போட்ட லைதான் வருகிறது.

போன மாதம் அவர் கணக்கை என் பெயருக்கு மாற்ற பேங்குக்குப் போயிருந்தேன். ஃபாரத்தில் ஏழெட்டு இடத்தில் கையெழுத்து. கவுண்டரில் இருந்த பையனுக்கு என் பேரன் வயதுக்கு மேல் ஒரு ஐந்தாறு கூட இருக்கும். கையெழுத்தைப் பார்த்தான், ஆதார் கார்டைப் பார்த்தான், மறுபடி கையெழுத்தைப் பார்த்தான்.

"பாட்டி, நடுவுல இது என்ன எழுத்து? கிறுக்கின மாதிரி இருக்கு."

"லை தம்பி."

அவன் நம்பவில்லை. இன்னொரு தாளை இழுத்து, கொஞ்சம் பெரிதாக, தும்பிக்கையை நன்றாகத் தூக்கிப் போட்டுக் காட்டினேன்.